லாசாலில் எடுத்த புயல்

மொன்றியலின் ஜான்-டலோன் சந்தையில் பூசணிக்காய்கள் வந்து குவிந்திருந்த ஒரு சனிக்கிழமை. வெயில் இருந்தது, சூடு இல்லை. கத்தரிக்காய் விற்கும் இத்தாலியக் கிழவரின் கடை முன்னால் பாக்கியமக்கா நின்றார். ஒவ்வொரு காயாக எடுத்து, காம்பை நகத்தால் கிள்ளிப் பார்த்து, திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். கிழவருக்கு அது பிடிக்கவில்லை. தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக நின்றார்.

பின்னாலிருந்து பார்த்தே ஆளைத் தெரிந்துகொண்டேன். சாம்பல் நிறக் குளிர்ச்சட்டை, அதற்குக் கீழே நூல்சேலை, அதற்கும் கீழே ஆண்கள் போடும் தடித்த சப்பாத்து.

"என்ன பாக்கியமக்கா, கத்தரிக்காயோடை சண்டையோ?"

திரும்பினார். "இது கத்தரிக்காயே தம்பி? பஞ்சு அடைச்ச தலையணை."

சிரிக்க வாய் திறந்தேன். சிரிப்பு வரவில்லை. அவருடைய நெற்றியில் பொட்டு இல்லை.

எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அந்த நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு ஒன்று இருந்தது. ஊரில் இருந்தது. கொழும்பில் அகதியாக நின்றபோது இருந்தது. மொன்றியல் விமான நிலையத்தில் வந்து இறங்கிய பனிநாளிலும் இருந்தது. இப்போது அந்த இடத்தில் சுற்றியுள்ள தோலைவிட வெளிறிய ஒரு வட்டம் மட்டும் தெரிந்தது.

அவருடைய மகள் ராசம் இரண்டு பைகளோடு வந்தாள். அவளும் அறுபதை எட்டியவள்தான். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அம்மா, குளிருது. நடவுங்கோ."

பாக்கியமக்கா இரண்டு காய்களைத் தெரிந்தெடுத்துப் பையில் போட்டார். "உன்ரை கட்டுரை வாசிச்சனான் தம்பி. நல்லா எழுதியிருக்கிறாய்." குரலில் கோபம் எதுவும் இல்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மெற்றோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பாராட்டும் அந்த வெறும் நெற்றியும் எனக்குள் ஒன்றோடொன்று முட்டின. பாக்கியமக்காவின் கணவர் போன கப்பல் கடலில் தாழ்ந்துவிட்டது என்று நான் இந்தப் பத்திரிகையில், இந்தத் தொடரில், எழுதியிருந்தேன்.

பிந்துகிற கப்பல்கள்

எங்கள் ஊர் வடமராட்சிக் கரையில் இருக்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது அங்கே பாய்க்கப்பல்கள் ஓடின. உலகம் நீராவியையும் தாண்டி எண்ணெய்க்கு வந்துவிட்ட காலம் அது. எங்கள் ஆட்கள் இன்னும் காற்றை நம்பியே போய்வந்தார்கள்.

வேம்பிலும் இலுப்பையிலும் ஊரிலேயே கட்டிய கப்பல்கள் அவை. கூரைக்குப் போடும் பனஞ்சலாகையும் கொப்பறாவும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும். நாகபட்டினம், கடலூர்ப் பக்கமிருந்து அரிசியும் கூரை ஓடும் கொண்டுவரும். கப்பலை நடத்துகிறவரைத் தண்டையல் என்போம். தண்டையல்மாருக்குப் பள்ளிக்கூடப் படிப்புக் குறைவு. வானத்தில் அவர்களுக்குத் தெரியாத வெள்ளி இல்லை.

தெற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில் கடல் எங்களுடையது. ஐப்பசியில் வடக்கு வாடைக் காற்று திரும்பிவிட்டால் அது எவருடையதும் இல்லை. கப்பல்களைக் கரையில் இழுத்துவிட்டுத் தை மாதத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சில கப்பல்கள் இழுத்துவிடுவதற்கு வந்து சேர்வதில்லை.

அந்தக் கப்பல்களைப் பற்றி எங்கள் ஊரில் ஒரு சொல்தான் சொல்லுவார்கள். "பிந்துது." வரத் தாமதம், அவ்வளவுதான். அடுத்த வாரமும் பிந்துது. அடுத்த வருடமும் பிந்துது. தாழ்ந்தது என்றோ உடைந்தது என்றோ எவரும் வாய் திறக்க மாட்டார்கள். மீன்காரி சொல்ல மாட்டாள், ஐயர் சொல்ல மாட்டார், கள்ளுக் குடித்தவன்கூடச் சொல்ல மாட்டான்.

ஒரு நாள் அந்த வீட்டுப் பெண் ஐயரிடம் போய்த் தன் வாயால் சொல்லுவாள். அதற்குப் பிறகு தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து கடற்கரையில் எரித்து, செய்யவேண்டியதைச் செய்வார்கள். சிலர் ஒரு வருடத்தில் போய்ச் சொன்னார்கள். சிலர் பிள்ளைகளைக் கரைசேர்த்த பிறகு சொன்னார்கள். அதுவரை அவள் சுமங்கலி. பூ வைப்பாள், பொட்டு வைப்பாள், கலியாண வீட்டில் முன்னுக்கு நின்று ஆராத்தி எடுப்பாள்.

ஒரு முறை வெளியூரிலிருந்து புதிதாக ஒரு வாத்தியார் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். என் பக்கத்தில் இருந்தவனிடம் அவன் தகப்பனைப் பற்றி, "கொப்பர் எங்கை வேலை?" என்று கேட்டார்.

"கப்பலிலை, சேர். பிந்துது."

"எத்தினை நாளாய்ப் பிந்துது?"

"நான் பிறக்க முந்தியிலையிருந்து, சேர்."

வாத்தியார் சிரித்துவிட்டார். வகுப்பு முழுதும் குனிந்து மேசையைப் பார்த்தது. தலைமை ஆசிரியர் அவரை வெளியே கூப்பிட்டு ஏதோ சொன்னார். திரும்பி வந்த வாத்தியார் அன்று முழுவதும் கரும்பலகையைப் பார்த்தே பாடம் நடத்தினார்.

அந்த வகுப்பில் குனிந்த தலைகளில் என்னுடையதும் ஒன்று. இதைச் சொல்லக் காரணம், வழக்கம் தெரியாமல் தவறு செய்தேன் என்று நான் தப்பிக்க முடியாது என்பதற்காகத்தான். பிறகு நான் பட்டம் பெற்று, புவியியல் படிப்பிக்கும் ஆசிரியரானேன். அந்த வழக்கத்தை ஓர் ஆறுதல் என்று எனக்குள் விளக்கிக்கொண்டேன். நம்பிக்கையை விட முடியாத பெண்களுக்காக ஊர் கூடி நடித்த நாடகம் என்று நினைத்தேன்.

தையல்நாயகி

பாக்கியமக்காவின் கணவர் பெயர் வேலாயுதம். தையல்நாயகி என்ற இரண்டு பாய்மரக் கப்பலில் சுக்கான் பிடிப்பவர். அந்தக் கப்பலின் கடைசிப் பயணத்தை நான் கரையில் நின்று பார்த்தேன்.

புரட்டாசி முடிகிற நாட்கள். மற்றக் கப்பல்களைக் கரைக்கு இழுக்கத் தொடங்கியிருந்தார்கள். தையல்நாயகியின் தண்டையல் இன்னுமொரு தடவை போய்வரலாம் என்றார். காற்று அன்று சோளகமாகத்தான் இருந்தது. அவருடைய கணக்கைப் பிழை என்று அன்று எவரும் சொல்லவில்லை.

கப்பலின் முன்பக்கத்து அணியத்தில் தேங்காய் உடைத்தார்கள். கர்ப்பூர மணமும் சுறா எண்ணெய் நாற்றமும் ஒன்றாகக் கலந்து வந்தன. பிறகு பாயை ஏற்றினார்கள். ஒரு வீட்டையே மூடிவிடக்கூடிய துணி அது. மடிப்பு மடிப்பாக மேலே போய், தொங்கி, ஆடி, சட்டென்று காற்றை வாங்கியது.

அப்போது எழுந்த சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை. பெரிய விலங்கு ஒன்று மூச்சை உள்ளே இழுப்பது போல இருந்தது. கரையில் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கதையை நிறுத்தினார்கள். அத்தனை மரமும் அத்தனை பாரமும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்குக் கீழ்ப்படிந்து சரிந்து, நகர்ந்தன.

அதன் பிறகு ஆகாய விமானங்கள் பார்த்திருக்கிறேன். இந்த நகரத்துத் துறையில் தெருப்போல நீண்ட கப்பல்களைப் பார்த்திருக்கிறேன். எதற்கும் என் உடம்பு அப்படிச் சிலிர்த்ததில்லை.

சுக்கான் பிடிப்பவர் கரையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. அது கப்பல் வழக்கம். வேலாயுதம் பார்க்கவில்லை. அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. பாக்கியமக்கா புது மணப்பெண், வயிற்றில் ராசம். சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்தபடி நின்றார்.

கப்பல் வெள்ளைப் புள்ளியாகி, பிறகு இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்கே சந்தேகமாகிப் போனது. சனம் கலைந்தது. அவர் நின்றார். கடலை விட்டு வர மனமில்லாமல் நானும் கொஞ்ச நேரம் நின்றேன்.

நான் கண்டது அவ்வளவுதான்.

ஆறு கொதிக்கிற இடம்

சுனாமியாகக் கடல் ஊருக்குள் ஏறி வந்து போன அந்த மார்கழிக்குப் பிறகு இப்பத்திரிகையின் ஆசிரியர் தொலைபேசியில் பேசினார். "மாஸ்டர், சனம் எல்லாம் கடலைப் பற்றித்தான் கேக்குது. உங்கட ஊர்ப் பாய்க்கப்பல்களை எழுதுங்கோவன்."

எழுத உட்கார்ந்தேன். ஊர், மரம், தண்டையல்மார், வெள்ளிகள் எல்லாம் தானாக வந்தன. தையல்நாயகி புறப்பட்டதும் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கோடியக்கரைப் பக்கம் ஒரு பாய்மரம் ஒதுங்கியதாக எப்போதோ ஒரு கதை வந்தது. எந்தக் கப்பலுடையது என்று எவருக்கும் தெரியாது. இதை வைத்து ஒரு அத்தியாயத்தை முடிக்க முடியுமா?

நாங்கள் இருக்கும் லாசாலில், எங்கள் அடுக்குமாடியிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், ஆறு கொதிக்கிற இடம் ஒன்று உண்டு. பனிக்கட்டி உடைந்து போன வசந்தத்தில் அங்கே போய்ப் பார்க்க வேண்டும். ஒரு அலை நிற்கிறது. ஓடவில்லை. தண்ணீர்தான் அதனூடாக ஓடுகிறது. அலை எழுந்த இடத்திலேயே எழுந்தபடி, உடைந்தபடி, இரவும் பகலும் உறுமுகிறது.

சமுத்திரம் கடந்து, மூடுபனியையும் மிதக்கும் பனிக்கட்டியையும் கடந்து, இந்த ஆற்றில் ஏறிவந்த பாய்க்கப்பல்கள் எல்லாம் இதற்குக் கீழேதான் நின்றன. இதைத் தாண்ட எந்தப் பாயாலும் முடியவில்லை. சீனாவுக்கு வழி தேடி வந்தவர்களும் இங்கேதான் நின்றார்கள். பக்கத்து ஊருக்குப் பிரெஞ்சில் சீனா என்று கேலியாக வைத்த பெயர் இன்றைக்கும் இருக்கிறது.

ஏறிவரும்போது தொலைந்த கப்பல்களைப் பற்றி நூலகத்தில் வாசித்தேன். ஆற்றுவாயிலும் வளைகுடாவிலும் பாறைகளில் மோதியவை. பனியில் இறுகி நொறுங்கியவை. குடியேற வந்த குடும்பங்களோடு, தொட்டில்களோடு, கலப்பைகளோடு போனவை. ஒரு படத்தில் கரையில் ஒதுங்கிய கப்பலின் விலா எலும்புகள் மட்டும் தெரிந்தன. அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்க் கடற்கரையில் பாதி கட்டிய கப்பலும் இப்படித்தான் இருக்கும். தொடங்குவதும் முடிவதும் ஒரே தோற்றத்தில்.

அன்று பின்னேரம் அந்த ஆற்றலையை எடுத்து வங்கக் கடலில் வைத்தேன்.

பனை உயரம் என்று எழுதினேன். பாய்மரத்தை முறித்தேன். ஆட்கள் பாடிக்கொண்டே தண்ணீர் இறைத்தார்கள் என்று எழுதினேன். வேலாயுதம் தன்னைச் சுக்கானோடு கயிற்றால் கட்டிக்கொண்டு, தையல்நாயகி தாழும்வரை கையை எடுக்கவில்லை என்று எழுதினேன். பெயரோடு எழுதினேன். "என்று நினைக்கிறேன்", "இருக்கலாம்" என்ற சொற்களை வசனத்தின் ஓசை கெடுகிறது என்று வெட்டினேன்.

நல்ல பெயர் வந்தது. ரொறன்ரோவிலிருந்து மூன்று பேர் தொலைபேசி எடுத்து, கண் கலங்கியதாகச் சொன்னார்கள். ஊர்க்காரர் ஒருவரும் எடுக்கவில்லை. அதையும் நான் கவனிக்கவில்லை.

கமலமும் ராசமும்

சந்தையிலிருந்து வந்து என் மனைவி கமலத்திடம் விடயத்தைச் சொன்னேன். அவள் தென்மராட்சிக்காரி. கலியாணம் முடித்த பிறகுதான் கடலைப் பார்த்தவள்.

"நீங்கள் அண்டைக்கு வாசிச்சுக் காட்டேக்கையே கேட்டனான். இதையெல்லாம் ஆர் வந்து உங்களுக்குச் சொன்னவை எண்டு."

"நான் என்ன சொன்னனான்?"

"பேசாமல் கேளும் எண்டனீங்கள்." அரிசியைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "இப்ப சொல்லுங்கோ. அந்தக் கப்பல் கடலிலை தாழ்ந்ததோ, உங்கட மேசையிலை தாழ்ந்ததோ?"

நான் பத்திரிகையை எடுத்து அந்தப் பத்திகளைத் திரும்ப வாசித்தேன்.

அடுத்த நாள் ராசம் தொலைபேசி எடுத்தாள். சுகம் விசாரிக்கவில்லை.

"மாஸ்டர், அம்மா தன்னை ஒரு இடத்துக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போகட்டாம். நீங்கள் எழுதினனீங்களாமே, கப்பல் தொங்குற கோயில். அங்கை."

"கூட்டிக்கொண்டு போறன் பிள்ளை. அவ எப்பிடி இருக்கிறா?"

"எப்பிடி இருப்பா? வாசிச்சு முடிச்சிட்டு எழும்பிப் போய் முகத்தைக் கழுவினவ. திரும்பி வரேக்கை பொட்டில்லை. நான் பிறந்த நாளிலையிருந்து அந்த முகத்தைப் பொட்டோடைதான் கண்டனான். இப்ப குசினிக்குள்ளை ஆரோ வேறை மனிசி நிக்கிறமாதிரிக் கிடக்கு. வாற தையிலை மகளின்ரை கலியாணம். ஆராத்திக்கு வேறை ஆளைப் பாருங்கோ எண்டு சொல்லிப்போட்டா. பிள்ளை அழுறாள். அவளுக்கு ஆராத்தி எண்டா என்னெண்டே ஒழுங்காத் தெரியாது, அம்மம்மாதான் எடுக்கவேணும் எண்டு மட்டும் தெரியும்."

"நான் அவவிட்டைக் கதைக்கிறன்."

"கதையுங்கோ. எழுதாதேங்கோ."

நிறைய இடம்

பழைய துறைமுகத்தில் மாலுமிகளின் தேவாலயம் இருக்கிறது. கூரையின் மேல் மாதா ஆற்றைப் பார்த்துக் கைகளை விரித்தபடி நிற்கிறாள். ராசம் வண்டியை நிறுத்த இடம் தேடி மூன்று தெரு சுற்றினாள்.

வாசலில் பாக்கியமக்கா சப்பாத்தைக் கழற்றப் போனார்.

"அக்கா, இஞ்சை கழற்றத் தேவையில்லை."

"கோயில்தானே?"

"கோயில்தான்."

"அப்ப?"

காலுறையோடு உள்ளே நடந்தார். ராசம் என்னைப் பார்த்தாள், அவளும் கழற்றினாள். பிறகு நானும் கழற்றினேன். வாசலில் இருந்த பெண் "பொன்ஜூர்" என்று சொல்லி எங்கள் கால்களைப் பார்த்தாள். வேறொன்றும் சொல்லவில்லை.

உள்ளே கூரையிலிருந்து சங்கிலிகளில் பாய்க்கப்பல்கள் தொங்குகின்றன. மரத்தில் செதுக்கியவை. ஒவ்வொன்றிலும் பாய்மரம், கயிறு, சின்ன விளக்கு. சூடாக்கிய காற்று மேலே போகும்போது அவை இலேசாக அசைகின்றன. முன்பு தனியாக வந்தபோது அழகாக இருக்கின்றன என்று பார்த்துவிட்டுப் போனேன். அன்று அவருக்குப் பக்கத்தில் நின்று பார்த்தபோது தலைக்கு மேலே தண்ணீர் இருப்பது போலவும், நாங்கள் கடலின் அடியில் நின்று கப்பல்களின் வயிற்றைப் பார்ப்பது போலவும் இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆர் தொங்கவிட்டது?" என்று கேட்டார்.

"கரைக்கு வந்து சேர்ந்த மாலுமிகள், அக்கா. நேர்த்திக்கடன்."

"அப்ப இது எல்லாம் வந்த கப்பல்."

"ஓம்."

கூரையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். "நிறைய இடம் விட்டிருக்கினம்," என்றார்.

வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில், ராசம் அந்தப் பக்கம்.

"உன்னட்டை ஒண்டு கேக்கவேணும் தம்பி. கோயிலுக்குள்ளை வைச்சுக் கேட்டா நீ பொய் சொல்லமாட்டாய். அதுக்குத்தான் வந்தனான்."

"எங்கட கோயிலிலை கேட்டிருக்கலாமே அம்மா," என்றாள் ராசம்.

"அங்கை ஊர் முழுக்கக் காது குடுத்துக்கொண்டெல்லோ நிக்கும்." என் பக்கம் திரும்பினார். "கப்பல் தாழ்ந்ததெண்டு உனக்கு ஆர் சொன்னது?"

வழியில் சில பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். கோடியக்கரைப் பாய்மரம், வாடை திரும்பிய நாள், இலக்கியத்தில் கற்பனைக்குள்ள இடம். அந்தக் கண்களுக்கு முன்னால் அவை ஒன்றும் எழும்பவில்லை.

"ஒருத்தரும் சொல்லேல்லை, அக்கா."

"பாய்மரம் முறிஞ்சது?"

"நான் எழுதினது."

"பனை உயரத்துக்கு அலை?"

"லாசாலிலை ஆத்தங்கரையிலை கண்டது. அதைக் கொண்டுபோய் அங்கை வைச்சனான்."

"அவர் சுக்கானோடை தன்னைக் கட்டினது?"

அவருக்கு அது பொய்யாகிவிடக் கூடாது என்று ஒரு கணம் விரும்பினேன். "அதுவும் நான்தான்."

"பாட்டு?"

"பாட்டும்."

ராசம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பாட்டிலை எனக்கு ஒரு ஐமிச்சம் இருந்தது," என்றார் பாக்கியமக்கா. "அந்த மனிசன் வாய் திறந்தால் காகம் எழும்பிப் போகும்." மடியில் இருந்த கைகளைப் பார்த்தார். "எண்டாலும் அச்சிலை வந்திட்டுது. நீ படிச்சவன். ஆரோ தப்பி வந்தவன் சொல்லாமல் உனக்குக் கயிறு கட்டினதெல்லாம் எப்பிடித் தெரியும்? அப்ப ஊருக்கு முந்தியே தெரிஞ்சிருக்கு, இவ்வளவு காலமும் எனக்குத்தான் ஒளிச்சிருக்கினம் எண்டு நினைச்சன். நான் ஆராத்தித் தட்டோடை நிக்கேக்கை எல்லாரும் உள்ளுக்குள்ளை என்ன நினைச்சிருப்பினம் எண்டு நினைச்சன். அதுக்குத்தான் முகத்தைக் கழுவினது."

நான் இதை எதிர்பார்க்கவில்லை. அவருடைய நம்பிக்கையை உடைத்துவிட்டேன் என்றுதான் வருந்திக்கொண்டிருந்தேன். அதையே சொன்னேன். "நீங்கள் நம்பியிருந்ததை நான் கெடுத்துப்போட்டன், அக்கா."

"எதை நம்பினது? அவர் வருவார் எண்டோ?" உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "எனக்கென்ன விசரே தம்பி? இப்ப வந்தாலும் பல்லில்லாமல்தான் வருவார். அந்த வருசம் தை பிறக்கேக்கையே எனக்குத் தெரியும்."

"பிறகேன் இவ்வளவு நாளும், அக்கா..."

"சொல்லவேண்டியது நான். அனுப்பினது நான், முடிஞ்சுதெண்டு சொல்லுறதும் நான். இவள் பிறக்கட்டும் எண்டு இருந்தன். பேந்து நடக்கட்டும் எண்டு இருந்தன். பேந்து பள்ளிக்கூடம், கலியாணம், சண்டை, பிளேன். ஒரு நாளும் வாய் வரேல்லை. வரேல்லை எண்டா வரேல்லைத்தான். ஊர் முழுக்க எனக்காகப் பொறுத்துக்கொண்டிருந்தது. செத்துப்போனவையும் சொல்லாமல்தான் செத்தவை." மேலே தொங்கிய கப்பலைப் பார்த்தபடி கேட்டார். "உனக்கு மட்டும் என்ன தம்பி அவசரம்?"

நான் நாடகம் என்று நினைத்தது இதைத்தான். ஒரு பெண் தன் வாயால் சொல்ல வேண்டிய ஒன்றுக்காக ஒரு முழு ஊர், சண்டையிலும் சிதறலிலும், கண்டம் தாண்டியும், வாயை மூடி வைத்திருந்தது. எத்தனையோ கலியாண வீடுகளில் அந்தத் தட்டு கைமாறியபோது ஒரு முகம்கூடச் சுழிக்கவில்லை. கடலைவிட, அந்த அலையைவிட, எனக்கு அது பெரிதாகத் தெரிந்தது. அதைக் கலைக்க என் மூன்று பத்தி போதுமாக இருந்தது.

"நான் என்ன செய்யவேணும்?"

"சொன்னதைத் திருப்பி எடு."

"மன்னிப்புக் கேட்டு எழுதுறன், அக்கா."

"மன்னிப்பு உன்ரை சாமான். அதை வைச்சு நான் என்ன செய்ய? அதே பேப்பரிலை, அதே எழுத்திலை, கண்டது என்ன, காணாதது என்னெண்டு எழுது. அது அச்சிலை வரட்டும். பேந்து பொட்டு வைக்கிறதோ, ஐயரிட்டைப் போறதோ, நான் பாத்துக்கொள்ளுறன்."

"கலியாணத்துக்கு முந்தி வருமோ மாஸ்டர்?" என்று கேட்டாள் ராசம்.

"வரும் பிள்ளை."

வெளியே வந்தபோது காற்று ஆற்றிலிருந்து வந்தது. ராசம் வண்டி எடுக்கப் போய்விட்டாள். பாக்கியமக்கா படியில் உட்கார்ந்து சப்பாத்துக்குள் காலை விட்டார். குனிந்து நாடாவைக் கட்ட முடியவில்லை. நான் குனிந்தேன். என் முழங்கால் சத்தம் போட்டது.

"இறுக்காதை," என்றார். "வீங்கின கால்."

தளர்த்திக் கட்டினேன். அவர் என் தலைக்கு மேலாக ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்டதும் காணாததும்

தையல்நாயகி புறப்பட்டதை நான் கண்டேன். அது பாய் விரித்ததைக் கண்டேன். வேலாயுதம் சுக்கானில் நின்றதையும், வழக்கப்படி அவர் கரையைத் திரும்பிப் பார்க்காததையும் கண்டேன். வெள்ளைப் புள்ளி கண்ணை விட்டுப் போகும்வரை கண்டேன்.

புயலை நான் காணவில்லை. பாய்மரம் முறிந்ததையோ, பாட்டையோ, கயிற்றையோ காணவில்லை. கண்டவர் எவரையும் நான் அறியேன். அப்படி ஒருவர் ஊரில் இருந்ததாகவும் ஊர் அதை மறைத்ததாகவும் எவரும் எண்ண வேண்டாம். நான் எழுதிய அலை லாசாலில் இன்றும் அதே இடத்தில் நிற்கிறது. விரும்பியவர்கள் போய்ப் பார்க்கலாம். அது எங்கள் கடலுடையது அல்ல.

இந்த இதழ் வந்ததும் ஒரு பிரதியை நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பது பாக்கியமக்காவின் கட்டளை. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக வாசிப்பார். அவர் எந்த வரியைத் தேடுவார் என்று எனக்குத் தெரியும். அதை மறைவாக நடுவில் வைக்காமல், அவருக்கு இலகுவாகக் கண்ணில் படுகிற இடத்தில், கடைசியில் வைக்கிறேன்.

வேலாயுதம் சுக்கான் பிடித்த தையல்நாயகி பிந்துகிறது.